கோபத்தின் மனுவை யார் விசாரிப்பது?

ஒரு மாணவர் எழுதிக் கொடுத்த கட்டுரை அவரிடமே திரும்பி வருகிறது. மதிப்பெண்கள் படுபாதாளத்தில் இருக்கின்றன. கீழே ஒரு குறிப்பு: தான் படித்ததிலேயே மிக மட்டமான கட்டுரைகளில் இதுவும் ஒன்று. எழுதியது சக மாணவர் ஒருவர் என்று சொல்கிறார்கள். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த பிராட் புஷ்மன், அறுநூறு மாணவ மாணவியரை வேண்டுமென்றே கோபப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு அது. கோபம் ஏறியதும் சிலருக்குக் குத்துச்சண்டைக் கையுறை கொடுத்து, எதிரில் தொங்கும் பையைக் குத்தச் சொன்னார்கள். அந்த விமர்சகரை நினைத்துக்கொண்டு குத்த வேண்டும். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அந்த விமர்சகரின் காதில் பேரிரைச்சலைப் பாய்ச்ச எல்லோருக்கும் வாய்ப்பு தரப்பட்டது. அவரை நினைத்து நினைத்துக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள், அதிகமாகத் தாக்கினார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மிகக் குறைவாகத் தாக்கினார்கள். இந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது.

'மனசுக்குள்ள வச்சுக்காதே, கொட்டிடு' என்பது நம் வீடுகளில் தாராளமாகப் புழங்கும் அறிவுரை. அதற்கு மேற்கில் மருத்துவப் பட்டம் கிடைத்தது 1895-இல், புரோயரும் ஃபிராய்டும் ஹிஸ்டீரியா பற்றிய தங்கள் நூலை வெளியிட்டபோது. அடைபட்ட உணர்ச்சியை வெளியேற்றினால் நோய் தீரும் என்ற அந்தக் கருத்து பின்னர் மனிதனை ஏறக்குறைய ஒரு குக்கராக்கிவிட்டது. ஆவி சேர்ந்தால் விசில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். கோபம் அப்படி வேலை செய்வதாகத் தெரியவில்லை. சோஃபி கியார்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளை, மொத்தம் 10,189 பேரின் தரவுகளைத் திரட்டி 2024-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் அதையே சொல்கிறது. உடலைச் சூடேற்றும் செயல்கள் கோபத்தைக் குறைப்பதில்லை. ஓட்டப் பயிற்சிகூட உதவவில்லை. மூச்சைச் சீராக்குவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம், யோகா போன்ற உடலை ஆற்றும் வழிகளே குறைக்கின்றன.

இத்தோடு விஷயம் முடிந்தது, மூச்சை இழுத்து விடக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று தோன்றலாம். பல கார்ப்பரேட் பயிலரங்குகள் அங்கேதான் நின்றுவிடுகின்றன. ஆனால் கோபம் பசியைப்போல வெறும் உடல் நிலையாக இருப்பதில்லை. அதற்குள் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'இவன் எனக்கு இதைச் செய்தான், செய்திருக்கக் கூடாது.' அரிஸ்டாட்டில் தன் சொற்கலை நூலில் கோபத்தை வரையறுக்கும்போதே இதைப் பிடித்துவிட்டார்: தகாத அவமதிப்புக்கு ஆளானதாகத் தோன்றுவதால் எழும், வலியோடு கூடிய பழிவாங்கும் விருப்பம் என்றார். அதாவது கோபம் ஒரு குற்றச்சாட்டு. அதைத் தணிப்பது ஒரு வேலை, விசாரிப்பது வேறொரு வேலை. தெரபி எனப்படும் உளவியல் சிகிச்சை இதில் எதைச் செய்கிறது, எதைச் செய்யலாம் என்பது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல, அறக் கேள்வியும்கூட. சமயங்கள் இதில் வெகுகாலமாக இடறிக்கொண்டிருக்கின்றன.

ஒருவரை வைத்துப் பார்க்கலாம். கற்பனை ஆள்தான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்தவர். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை. வயது நாற்பத்தைந்து இருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது தட்டைச் சுவரில் வீசிவிட்டார். மனைவியின் வற்புறுத்தலில் கவுன்சலிங்குக்கு வந்திருக்கிறார்.

"தட்டை வீசினப்போ மனசுல என்ன ஓடுச்சு சார்?"

"ஒண்ணும் ஓடலை மேடம். கண்ணை மறைச்சிடுச்சு."

"சரி, கொஞ்சம் முன்னாடி போவோம். வாசல்ல செருப்பைக் கழட்டினீங்க இல்லையா, அப்ப எப்படி இருந்தீங்க?"

"தலைவலி. உள்ளே வந்தா பையன் போனையே பார்த்துட்டு, 'சாப்பாடு எடுத்து வச்சிருக்கு'ங்கறான். தலையைக்கூடத் தூக்கலை."

"தலையைத் தூக்கலைன்னா?"

"நமக்கு அங்க மரியாதை இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இன்னிக்கு வேற யாராவது மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டாங்களா?"

காலை பதினொரு மணிக்கு மேனேஜர், வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே, அவருடைய கணக்கை எல்லோர் காதிலும் விழும்படி ஏளனம் செய்திருக்கிறார். இது வெளியே வர இருபது நிமிடம் ஆகிறது. "அப்போ எதையாவது எடுத்து வீசணும்னு தோணலையா?" என்று கேட்டால் அவர் பதறிப்போகிறார். "அது எப்படி மேடம் முடியும்?"

கண்ணை மறைத்த கோபத்துக்கு மேனேஜர் யார், மகன் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று முதல் குறளிலேயே கேட்டுவிடுகிறார். தெரபியைப் பற்றிய பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் விஷயம் இது. கோபத்துக்கு அளவு மட்டும் போதாது, திசையும் பார்க்க வேண்டும். கீழே பாய்கிறதா, மேலே பார்க்கிறதா?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊர். குடும்ப வன்முறையில் ஈடுபட்ட ஆண்களுக்காக 1981-இல் அங்கே தொடங்கிய திட்டத்தில் எலன் பென்ஸ், மைக்கேல் பேமார் முதலியோர் சேர்ந்து உருவாக்கிய முறை, கோப மேலாண்மை வகுப்பை இந்த ஆண்களுக்கான தீர்வாக ஏற்க மறுத்தது. மனைவியை அடிப்பவன் கட்டுப்பாட்டை இழப்பதில்லை. அடிப்பதன் மூலம் கட்டுப்பாட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறான் என்பது அவர்கள் வாதம். முதலாளியிடமும் போலீஸ்காரரிடமும் நிதானமாகப் பேசத் தெரிந்தவனுக்குக் கோபத்தை அடக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? டுலூத் முறையின் பலன்கள் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வியை யாரும் தள்ளிவிட முடியவில்லை.

இனி பழைய மருத்துவர்களிடம் போகலாம். ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா, கோபம் பற்றி மூன்று பாகங்களில் ஒரு நூல் எழுதினார். தன் அண்ணன் நோவாட்டஸின் பெயருக்கு எழுதியது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட அந்த நூலைப் பிரித்தால், இன்றைய கிளினிக்கின் கைப்புத்தகம் பாதிக்கு மேல் அதில் கிடைக்கும். கோபம் மூன்று அசைவுகளில் வருகிறது என்கிறார். முதலாவது நம் விருப்பத்தைக் கேட்காமல் வருவது: உடல் சிலிர்க்கும், முகம் சிவக்கும். அதற்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவதில் மனம் ஒரு தீர்ப்பைச் சொல்கிறது: எனக்கு அநீதி நடந்தது, பதிலடி தர வேண்டும். மூன்றாவதில் தீர்ப்பு நம் கையை மீறிப் போய்விடுகிறது. தலையிட வேண்டிய இடம் இரண்டாவது. அவர் தரும் பெரிய மருந்து தாமதம்.

பிளேட்டோவைப் பற்றி அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. அடிமை ஒருவன்மேல் கோபம் வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லிக் கையை ஓங்கிய பிளேட்டோ, தான் கோபத்தில் இருப்பதை உணர்ந்து, ஓங்கிய கையை அப்படியே காற்றில் நிறுத்திவிட்டாராம். உள்ளே வந்த நண்பர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, கோபக்காரன் ஒருவனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். அழகான கதைதான். சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்த அந்த அடிமை என்ன நினைத்தான் என்று செனெகா கேட்கவில்லை. அவருடைய எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை எஜமானர்கள், தளபதிகள், அரசர்கள் பற்றியவை. அதாவது கோபம் பலிக்கும் இடத்தில் இருப்பவர்கள். தன் மாணவன் நீரோவின் கட்டளையால் கி.பி. 65-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள நேர்ந்தவர் அவர். பலிக்கும் இடத்துக் கோபம் எவ்வளவு கொடியது என்பதைச் சொல்ல அவருக்கு முழுத் தகுதி உண்டு.

செனெகாவின் மரபுக்கும் நவீன சிகிச்சைக்கும் இடையே இருப்பது நேரடி உறவு. நியூயார்க்கில் 1955-இல் தன் சிகிச்சை முறையைத் தொடங்கிய ஆல்பர்ட் எல்லிஸ், அதே ஸ்டோயிக் மரபின் எபிக்டெட்டஸிடமிருந்து கற்றதாக வெளிப்படையாகவே சொன்னார்: மனிதர்களைக் கலக்குவது நிகழ்ச்சிகளைவிட அவற்றைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்புகளே. 1960-களில் ஆரன் பெக் வளர்த்த அறிவாற்றல் சிகிச்சையும் இந்தக் கருத்தின் மேலேயே நிற்கிறது. கோபத்துக்கென்று தனி முறையை 1975-இல் நூலாக வெளியிட்டவர் ரேமண்ட் நோவாகோ. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதைக் காவல்துறையினருக்கான பயிற்சியாகவும் வடித்தார். கையில் துப்பாக்கியும் சட்டமும் இருப்பவர்களிடம் இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோனது நல்ல தேர்வு என்றே தோன்றுகிறது.

நோவாகோவின் வழியில் வேலை மிகவும் சாதாரணமாகத் தெரியும். தினமும் ஒரு நோட்டில் குறிப்பு: எப்போது கோபம் வந்தது, எங்கே, யார்மேல், உடலில் எந்த இடத்தில் முதலில் தெரிந்தது, மனம் என்ன சொன்னது. பிறகு கோபமூட்டும் காட்சிகளை, லேசானதிலிருந்து கடுமையானது வரை படிப்படியாக அடுக்குவது. உடலைத் தளர்த்திக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கற்பனையில் சந்திப்பது. அடுத்து நடித்துப் பார்ப்பது. நகைக்கடன் பிரிவுக்காரரின் பட்டியலில் கீழ்ப்படியில் சில்லறை இல்லை என்கிற பஸ் கண்டக்டர் இருப்பார், மேல்படியில் தலை தூக்காத மகன். நான்கைந்து வாரம் நோட்டு எழுதிய பிறகு, கோபம் வந்த நாட்களெல்லாம் மேனேஜர் வாய் திறந்த நாட்கள் என்பது அவர் கையெழுத்திலேயே தெரிய வரும். அதைக் கவுன்சலர் வாயால் சொல்லத் தேவையில்லை.

இந்தப் படிக்கட்டு முறையைக் கண்டால் விசுத்திமக்கம் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய அந்தப் பாலி நூல் தேரவாத பௌத்தத்தின் பெரும் கையேடு. அவருக்குத் தமிழ் மண்ணோடும் தொடர்பு உண்டு. அவருடைய உரைகளின் பின்னுரைகள் அவர் காஞ்சிபுரத்திலும் மயூரபட்டினத்திலும் தங்கியதைக் குறிப்பிடுகின்றன. நூலின் ஒன்பதாம் அத்தியாயம் மைத்திரி தியானத்தில் தொடங்குகிறது. முதலில் தன்மேல் அன்பு, அடுத்து மதிப்புக்குரியவர், நண்பர், வேண்டியவரும் வேண்டாதவருமல்லாத ஒருவர், கடைசியில் பகைவர். பகைவரிடம் வந்ததும் துறவியின் மனம் முரண்டு பிடிக்கும் என்பது புத்தகோசருக்கு நன்றாகத் தெரியும். அங்கே அவர் மாணவனை அதட்டுவதில்லை. ஒரு வழி பலிக்கவில்லையா, இதோ இன்னொன்று. அதுவும் பலிக்கவில்லையா, இது. இப்படியே அடுக்கிக்கொண்டு போகிறார்.

பகைவனின் செயல் கெட்டதென்றால் பேச்சாவது நன்றாக இருக்கிறதா என்று பார். எதுவுமே நன்றாக இல்லையா, அவன் போகப்போகும் கதியை நினைத்து இரங்கு. தன் எல்லைக்குள் அவன் உனக்குத் தீங்கு செய்தான், சரி. உன் மனம் உன் எல்லையாயிற்றே, அங்கேயும் நீயே ஏன் தீங்கு செய்துகொள்கிறாய் என்று கேட்டுக்கொள். பிறர்மேல் எறிய எண்ணித் தணலைக் கையில் எடுப்பவன் முதலில் தன் கையைச் சுட்டுக்கொள்கிறான். இந்த நெடிய பிறவிச் சுழலில் அவன் என்றோ உனக்குத் தாயாக இருந்திருப்பான். இவ்வளவும் பலிக்கவில்லையென்றால், பிரித்துப் பார்: நீ எதன்மேல் கோபப்படுகிறாய்? தலைமயிரின் மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா? அந்தச் செயலைச் செய்த கணத்தின் உடலும் மனமும் அப்போதே அழிந்துபோயின. இப்போது இருப்பது யார்?

கடைசி மருந்து தியானமே இல்லை. பகைவனுக்கு ஏதாவது கொடு, அவனிடமிருந்து ஏதாவது வாங்கிக்கொள் என்கிறார். அதற்கு ஒரு சம்பவமும் தருகிறார். சித்தலபப்பத விகாரையில் மூத்த தேரர் ஒருவர் இன்னொரு பிட்சுவைத் தங்குமிடத்திலிருந்து மூன்று முறை எழுப்பி வெளியேற்றியிருக்கிறார். வெளியேற்றப்பட்டவர் தன் பிச்சைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அந்தத் தேரரிடமே கொடுத்தார். எட்டுக் காசு பெறுமானமுள்ளது, என் தாய் எனக்குத் தந்தது, முறையாக வந்த பொருள், இதன் புண்ணியம் அந்தத் தாய்க்குச் சேரட்டும் என்றாராம்.

சிகிச்சைக் கலையாக இதை மிஞ்ச ஆள் இல்லை. வறட்டு உபதேசம் கிடையாது, மனித மனத்தின் சண்டித்தனம் தெரிந்திருக்கிறது, எண்ணத்தில் முடியாததைச் செயலில் முடிக்கும் துணிவும் இருக்கிறது. ஆனாலும் ஒரு நெருடல். மூன்று முறை இடம் பெயர்க்கப்பட்டவர்தான் தாய் தந்த பாத்திரத்தையும் இழக்க வேண்டுமா? உடைமையும் குடும்பமும் துறந்த, ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட இரு பிட்சுகளுக்கு இடையே இது பெருந்தன்மை. அதே மருந்தைக் கூட்டுறவு வங்கிக்கோ ஒரு மாமியார் வீட்டுக்கோ கொண்டுபோனால் அதன் குணம் மாறிவிடும். குறளின் அதிகார அடைவு இங்கே ஒரு சின்னக் குறிப்பைத் தருகிறது. பொறையுடைமை இல்லறவியலில் இருக்கிறது, வெகுளாமை துறவறவியலில். இல்லறத்தானிடம் கேட்கப்படுவது பொறுத்தல். சினமே எழாத நிலை துறவியின் பாடத்திட்டம். துறவியின் பாடத்தை மாதச் சம்பளக்காரனுக்கு வெட்டி ஒட்டும்போது எச்சரிக்கை தேவை.

தலைமயிரா, நகமா என்று பிரித்துப் பார்க்கும் உத்தியில் ஒரு தத்துவச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவின் சாந்திதேவர் இதை இன்னும் கூர்மையாக்கினார். பித்தம் நம்மை வாட்டும்போது பித்தத்தின் மேல் கோபப்படுவதில்லை. காரணங்களால் தூண்டப்பட்டு வாட்டும் மனிதன்மேல் மட்டும் ஏன்? தெரபி அறையில் கேட்கும் 'அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று யோசித்தீர்களா' என்ற கேள்வி இதன் தூரத்து உறவு. மேனேஜருக்கும் மேலிடத்தின் நெருக்கடி, அவருக்கும் தூக்கமில்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஸ்ட்ராசன் 1962-இல் வாசித்த ஓர் உரையில் இந்தப் பார்வைக்கு என்ன விலை என்று காட்டினார். ஒருவரைக் காரணங்களின் விளைவாக மட்டும் பார்க்கத் தொடங்கினால், அவரைச் சமாளிக்க வேண்டிய, குணப்படுத்த வேண்டிய பொருளாக ஆக்கிவிடுகிறோம். வழக்காடக்கூடிய மனிதராக நடத்துவதை விட்டுவிடுகிறோம். கோபப்படுவதில் எதிராளிக்கு ஒரு மரியாதையும் இருக்கிறது: உனக்கு இதைவிட நல்லது தெரியும், செய்திருக்கலாம்.

இந்த எதிர்வாதத்தைத் தன் உடம்பால் எழுதியவர் ஜான் அமேரி. வியன்னாவில் ஹான்ஸ் மேயர் என்ற பெயரில் 1912-இல் பிறந்த யூதர். பெல்ஜியத்தில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தபோது 1943-இல் பிடிபட்டு, பிரெண்டோங்க் கோட்டையில் கைகளைப் பின்னால் கட்டித் தொங்கவிடப்பட்டார். தோள் மூட்டுகள் பிசகின. அதன் பின் ஆஷ்விட்ஸ். இருபது ஆண்டுகள் கழித்து எழுதிய கட்டுரைகளில் ஒன்றைத் தன் ஆறாச் சினத்துக்கே ஒதுக்கினார். உளவியலாளர்கள் அதைப் பாதிப்பின் அறிகுறியாகக் காண்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நோயாளி என்ற அந்த நாற்காலியில் உட்கார அவர் மறுத்தார். காலம் காயத்தை ஆற்றும் என்பது இயற்கையின் விதி, அறத்தின் விதி ஆகாது. நடந்தது நடந்திருக்கக் கூடாது என்று குற்றவாளியும் விரும்பும் வரை கணக்கு முடியவில்லை என்பது அவர் நிலை. ஜெர்மனி செழித்து, உலகம் மறக்கத் தொடங்கியிருந்த நேரம். அவர் கோபம் தணிந்திருந்தால் யாருக்கு வசதியாக இருந்திருக்கும் என்ற கேள்வி அந்தக் கட்டுரை நெடுகக் கேட்கிறது.

அதே ஆஷ்விட்ஸிலிருந்து நேர் எதிர்த் திசையில் நடந்தவர் ஏவா கோர். டாக்டர் மெங்கலே இரட்டைக் குழந்தைகள்மேல் நடத்திய சோதனைகளில் தன் சகோதரி மிரியமுடன் சிக்கித் தப்பியவர். முகாம் விடுவிக்கப்பட்ட ஐம்பதாம் ஆண்டு நாளில், 1995-இல், அதே இடத்தில் நின்று நாஜிகளை மன்னிப்பதாக அறிவித்தார். இது எனக்காக, என் விடுதலைக்காக என்றே கடைசிவரை சொல்லிவந்தார். 2015-இல் ஜெர்மனியின் லூனெபர்க் நகரில் ஆஸ்கர் குரோனிங் என்ற முன்னாள் ஆஷ்விட்ஸ் எழுத்தர்மேல் நடந்த வழக்கில், தொண்ணூறைத் தாண்டிய அந்த மனிதருக்கு ஏவா கை கொடுத்தார், அணைத்துக்கொள்ளவும் விட்டார். இணை வழக்காளிகள் பலர் கொதித்தார்கள். எங்கள் பெற்றோரைக் கொன்றதை மன்னிக்க எங்களுக்கே உரிமையில்லை என்றார்கள். கவனிக்க வேண்டியது, ஏவாவும் அந்த வழக்கில் ஓர் இணை வழக்காளிதான். மன்னித்த பிறகும் சாட்சிக் கூண்டை விட்டுக்கொடுக்கவில்லை. குரோனிங்குக்கு நான்கு ஆண்டுத் தண்டனை கிடைத்தது.

இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தகுதி வெளியாட்களுக்கு இல்லை. ஆனால் சிகிச்சையாளர்களுக்கு இருவரிடமும் ஒரே பாடம் கிடைக்கிறது: குற்றச்சாட்டு மெய்யா என்பதும், அதைச் சுமப்பவர் எப்படி வாழப்போகிறார் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். சுஸான் ஃப்ரீட்மனும் ராபர்ட் என்ரைட்டும் 1996-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதற்கு நல்ல சான்று. குடும்பத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகி வளர்ந்த பன்னிரண்டு பெண்களுக்கு, ஆளுக்குச் சராசரியாக ஓராண்டுக்கு மேல், மன்னித்தல் பற்றிய தனிச் சிகிச்சை தரப்பட்டது. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, நம்பிக்கை கூடியது. மன்னிப்பு என்றதும் முகம் சுளிப்பவர்கள் அந்த முறையின் முதல் கட்டத்தைப் பார்க்க வேண்டும். கோபத்தைத் தோண்டி வெளியே எடுத்து, ஒப்புக்கொள்வதுதான் அது. நடந்தது தவறு என்பதில் சமரசம் கிடையாது. குற்றவாளியோடு மீண்டும் உறவாட வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

செனெகாவின் தாமதத்துக்குத் திரும்பிப் பார்த்தால் அதற்கு அவர் சொல்லாத ஒரு பயன் இருக்கிறது. தாமதம் கோபத்தைக் கொல்லும் என்று அவர் நம்பினார். மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் 1927 மார்ச் மாதம் சவுதார் குளத்தில் தண்ணீர் அருந்தியதற்காகத் தீண்டாமைக்கு ஆளான மக்கள் தாக்கப்பட்டார்கள். அம்பேத்கரும் தோழர்களும் மீண்டும் அங்கே கூடியது டிசம்பரில். ஒன்பது மாதங்கள் அந்தக் கோபத்தை ஆற்றிவிடவில்லை. அதற்கு ஒரு வடிவம் கொடுத்திருந்தன. தீர்மானம் முன்மொழியப்பட்டது, முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிராமணர், குழி வெட்டப்பட்டது, டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரிந்தது ஒரு நூல், எந்த மனிதர்மேலும் கை விழவில்லை. அதே அம்பேத்கர் 1956-இல், சினத்தை நஞ்சு என்று சொல்லும் புத்தரின் வழியைத் தேர்ந்தார். இதில் முரண் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். பொய்க் குற்றச்சாட்டு காத்திருந்தால் கரைந்துவிடும், மெய்யானது காத்திருந்தால் தெளியும் என்று எடுத்துக்கொண்டால் முரண் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. புஷ்மனின் மாணவர்கள் காட்டியதுபோல, ஒன்றையே அசைபோடுவதும் ஒருவகைத் தாமதம்தான். அதில் பொய்க் குற்றச்சாட்டும் கொழுக்கும். பங்காளித் தகராறில் முப்பது ஆண்டு பேசாமலிருக்கும் குடும்பங்கள் எந்த ஊரிலும் உண்டு. வரப்பு எங்கே இருந்தது என்பதுகூட அவர்களுக்கு மறந்திருக்கும். அசைபோடுவதையும் விசாரிப்பதையும் பிரித்துக் காட்ட இன்னொருவர் தேவைப்படுகிறார். நோட்டோடு எதிரில் உட்கார்ந்து, என்ன நடந்தது, அதற்கு நீங்கள் என்ன பொருள் கொடுத்தீர்கள், வேறு பொருள் உண்டா, இல்லையென்றால் இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் அனுப்பிவிடும் கவுன்சலர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். நகைக்கடன் பிரிவுக்காரர் மகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார், நல்லது. மேனேஜர்மேல் எழுத்தில் புகார் கொடுப்பதா, சங்கத்திடம் பேசுவதா, மாற்றல் கேட்பதா என்பதும் அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் வர வேண்டியது. அவரைக் கவுன்சலிங்குக்கு அனுப்பியது வங்கி நிர்வாகமே என்றால், அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்துவிடும் ஆபத்து அதிகம்.

அமியா ஸ்ரீநிவாசன் என்ற தத்துவப் பேராசிரியர் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இக்கட்டையே ஓர் அநீதி என்றார்: நியாயமான கோபத்தைக் காட்டினால் தனக்கே கேடு, காட்டாவிட்டால் உண்மைக்குக் கேடு என்ற நிலையில் ஒருவரை நிறுத்துவது. இதைத் தினமும் காணக்கூடிய இடங்கள் நம்மிடம் உண்டு. சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்த பிறகு, குடும்பத் தகராறு என்றால் மனு விசாரணையும் கவுன்சலிங்கும் தமிழ்நாட்டுக்குப் பழகிப்போயின. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், 14-ஆம் பிரிவின்கீழ், இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ கவுன்சலிங்குக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. சேர்த்து உட்காரவைக்கும்போது என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. கணவன் நிதானமாகப் பேசுவான். அவனுக்கு அந்த அறையில் பயப்பட எதுவும் இல்லை. மனைவியின் குரல் உயரும், நடுங்கும், முன்னுக்குப் பின் மாறும். 'கொஞ்சம் பொறுமையாப் பேசும்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று யாராவது சொல்வார்கள். கோபக்காரி யார் என்பது அறையிலிருக்கும் எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். டுலூத்காரர்கள் தம்பதியரைச் சேர்த்து வைத்துப் பேசும் கவுன்சலிங்கை எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். அவளைத் தனியாக உட்காரவைத்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று அவள் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வது முதல் வேலை. அவனுக்கான கவுன்சலிங்குக்கு வேறொரு நாளும் வேறோர் அறையும் ஒதுக்கலாம்.